கீச்சு வந்த நாள்

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் போன வருஷத்து ஆள் இல்லை. இளவேனில் மகளை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

போன வருஷம் வந்தவர் ஒல்லி. சுருட்டை முடி, கண்ணாடி, சிரித்தால் கன்னத்தில் குழி. இப்போது வந்து நின்றவருக்கு நல்ல தொப்பை, அடர்ந்த மீசை, நெற்றியில் அரைகுறையாய் அழிந்த திருநீறு. இடது முட்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, சாய்ந்து சாய்ந்து நடந்தார். வரவேற்பறை முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். அவ்வளவு கூட்டத்திலும் தடுமாறாமல் நேராக இவளிடம் வந்து, "இளா" என்றார்.

அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் உண்டு. ஆக, உள்ளே இருப்பது பரிதிதான். வெளியே இருப்பது யார் என்று கேட்கக் கூடாது. அது கம்பெனி விதி.

"வந்துட்டீங்களா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. போனில் தினமும் வாடா போடா என்று பேசுகிறவள், ஆளை நேரில் பார்த்ததும் மரியாதைக்குத் தாவிவிட்டாள். முன்பின் தெரியாத மீசைக்காரரை வேறு எப்படித்தான் அழைப்பது? பரிதிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். மீசைக்குக் கீழே சிரிப்பு சட்டென்று வாடிவிட்டது.

கூடு விட்டுக் கூடு பாய்வது ஒரு காலத்தில் சித்தர்களுக்கு மட்டுமே கைவந்த கலையாக இருந்தது. இப்போது எழும்பூரில் கம்பெனி நிலையத்தில் முன்பதிவு செய்தால் போதும். கடலடிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன் அங்கே ஒரு படுக்கையில் படுத்துக்கொள்வான். கரையில் ஒருவர் தன் உடம்பை ஒரு பகலுக்கு ஒப்படைத்துவிட்டுத் தூங்கிப்போவார். கடலுக்கடியில் ஓடும் கேபிள் வழியாக இவன் அவருக்குள் கண் விழிப்பான். பொழுது சாய்ந்ததும் அவரவர் உடம்புக்கு அவரவர் திரும்ப வேண்டியதுதான். கம்பெனி இதற்குக் 'கரைநாள்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. உடம்பைக் கொடுப்பவரை ஊர் சுருக்கமாகக் 'கூடு' என்றது.

வருஷத்துக்கு ஒரு கரைநாள். ஏன் நேரிலேயே வந்து போகக் கூடாது என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். சட்டென்று மேலே வந்தால் ரத்தம் சோடா மாதிரிப் பொங்கிவிடும். பதமாகப் பழக்கி ஏற்ற மாதக்கணக்காகும், அதையும் உடம்பு ஒரு தடவைதான் தாங்கும். ஒப்பந்தம் முடிகிற அன்று ஏறலாம். எண்ணூரில் அவர்கள் குடியிருந்த தெருவைக் கடல் எடுத்துக்கொண்ட வருஷம், அல்லி வயிற்றில் இருக்கும்போது பரிதி இறங்கினான். மகளுக்கு இப்போது மூன்றரை வயது. தன் சொந்தக் கையால் அவளை அவன் ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

"அல்லிக்குட்டி" என்று சிரமப்பட்டுக் குனிந்தான்.

அல்லி அம்மாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டாள். அப்பாதாண்டா என்று இளவேனில் முதுகைத் தட்டினாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து தீர்ப்பு வந்தது.

"இது அப்பா இல்ல. அப்பாக்குக் கண்ணாடி இருக்கும்."

பரிதி சமாளித்துக்கொண்டு சிரித்தான். பழைய ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், என் புருஷன் உடம்பில் இன்னொருத்தன் ஊர் சுற்றுவதா என்று வந்தவள் ஒரே பிடியாய் நின்றுவிட்டாளாம், ஞாயம்தானே என்றான். ஞாயம்தான். ஆனால் அந்த ஞாயத்தால் தனக்கு வந்திருக்கும் கஷ்டத்தை இளவேனில் அவனிடம் எப்படிச் சொல்வாள்?

போன வருஷக் கரைநாளில் கடற்கரையில் ஒரு படம் எடுத்தார்கள். சுருட்டை முடிக்காரரின் தோளில் அல்லி உட்கார்ந்திருக்கும் படம். கல்யாணப் படத்தைக் காட்டி அப்பா என்றால் அல்லிக்கு ஏறவில்லை. மாலையும் கழுத்துமாக நிற்கும் யாரோ ஒருவனிடம் அவளுக்கு என்ன ஒட்டு? கடற்கரைப் படத்தில் அவளே இருந்தாள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள் இளவேனில். காலையில் அப்பாவுக்கு வணக்கம், தூங்கப் போகும்போது அப்பாவுக்கு முத்தம். கொஞ்ச நாளில் பிள்ளை வாய் நிறைய அப்பா அப்பா என்றது. அதை அவள் போனில் பரிதியிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னாள். யாரைப் பார்த்து அப்பா என்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மெட்ரோவில் கிண்டிக்குப் போனார்கள். அல்லி ஜன்னலோரம், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் மீசைக்காரர். எதிரே இருந்த பெண்மணி அவருடைய மணிக்கட்டில் இருந்த நீலப் பட்டையைப் பார்த்தாள், பிறகு இளவேனிலை ஏற இறங்கப் பார்த்தாள். கூடு என்பதற்கு அடையாளம் அந்தப் பட்டை. இளவேனிலுக்கு இந்தப் பார்வை பழக்கம்தான். வருஷத்துக்கு ஒரு புருஷனோடு சுற்றுகிறாள் என்று சொந்தத் தெருவிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதுவும் அவள் காது படவே. அவள் வேண்டுமென்றே கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். கை சூடாக, சொரசொரப்பாக இருந்தது. சட்டையில் யாரோ ஒருத்தி துவைத்துத் தேய்த்துக் கொடுத்த வாசனை. அந்த ஒருத்தி இந்நேரம் வீட்டில் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதும் பிடி தானாகத் தளர்ந்துவிட்டது.

"உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான் பரிதி. "இன்னிக்கு ராத்திரிலேருந்து எங்களுக்குக் குரல் திருத்தி போடறாங்க. இனிமே போன்ல என் குரல் எப்படி இருந்துச்சோ அப்படியே வரும்."

இளவேனிலின் தளர்ந்த பிடி மறுபடி இறுகியது.

சுரங்கத்தில் அவர்கள் சுவாசிப்பது நாம் சுவாசிக்கிற காற்றில்லை. அந்த அழுத்தத்துக்கு நம் காற்று ஆகாது என்று ஹீலியம் கலந்து கொடுக்கிறார்கள். அந்தக் காற்றில் எப்பேர்ப்பட்ட ஆண்பிள்ளையின் குரலும் அணில் கத்துவது மாதிரித்தான் வெளியே வரும். உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று கம்பெனி படம் அனுப்ப விடுவதில்லை. எனவே இத்தனை வருஷமாகப் புருஷன் என்று அவளுக்கு மிஞ்சியது அந்தக் கீச்சுக்குரல் ஒன்றுதான்.

அவளோ குரலைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். துறைமுகத்தில் அவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள், அவன் கப்பல்களுக்கு அடியில் முக்குளிப்பவன். வயர்லெஸ்ஸில் "கன்ட்ரோல், கேக்குதா?" என்று ஒரு குரல் வரும். அடிவயிற்றிலிருந்து வருகிற, அவசரமே இல்லாத குரல். "கேக்குது, சொல்லுங்க" என்பாள் இவள். ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மனசு போய்விட்டது. அவன் சுரங்கத்துக்கு இறங்கிய பிறகு ராத்திரிகளில் அவள் ஏங்கியது அவன் முகத்துக்காக அல்ல. முகம் படத்தில் இருக்கிறது. அந்தக் குரலைத்தான் எதிலும் பதிந்து வைக்கவில்லை. எப்போதும் காதில் விழுகிற ஒன்றைப் பதிந்துவைக்க யாருக்குத் தோன்றும்?

இன்றைக்கு ராத்திரி என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கிண்டி வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிறுவர் பூங்காவில் மான்கள் இருந்தன, ஆனால் வெயிலுக்குப் பயந்து நிழல்கூரைக்கு அடியில் ஒதுங்கியிருந்தன. வேலி உயரம். அல்லிக்கு எட்டவில்லை. பரிதி தூக்கிக் காட்டப் போனான். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு அலறிய அலறலில் மான்களே திரும்பிப் பார்த்தன. காவலாளி வந்து நீலப் பட்டையைப் பார்த்துவிட்டு, பாப்பா உங்களுக்கு என்ன வேணும்மா என்று இளவேனிலிடம் தனியாக விசாரித்தார். பிள்ளை பிடிக்கிறவனைக் கேட்பது மாதிரி அவனையும் இரண்டு கேள்வி கேட்டார். பரிதி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் இரண்டடி தள்ளியே நடந்தான். பாம்புகளைப் பார்க்கும்போதும் ஊஞ்சலிலும் அப்படித்தான். ஹோட்டலில் அல்லிக்கு என்று நெய் ரோஸ்ட் சொன்னான். அது கூம்பாக வந்தது. அவன் தொட்டதால் அவள் தொடவில்லை. கண்ணாடி போட்ட அப்பா எப்ப வருவார் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். ஒரு வருஷம் சேர்த்து வைத்த ஆசையோடு வந்தவன் தண்ணீர் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் தாழ்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனார்கள். மணலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தில் சுவர் கட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் சுண்டல், பஜ்ஜி, ராட்டினம் எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தன. அல்லி மணலில் குழி தோண்ட உட்கார்ந்தாள். பெரியவர்கள் இருவரும் சுவர்மேல் உட்கார்ந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழும்பூருக்குக் கிளம்ப வேண்டும்.

"போன்ல என்னக் கீச்சு கீச்சுன்னு கூப்ட்டு எவ்ளோ ஆசையா பேசறா" என்றான். "நேர்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்ட்டுட்டா போதும்னு வந்தேன். அவ்ளோதான் இளா. வேற ஒண்ணும் கேக்கல."

இனியும் மறைத்தால் அது பாவம் என்று பட்டது அவளுக்கு.

"அவளுக்கு நீங்களும் அப்பாவும் வேற வேற ஆளு" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். படத்தைப் பற்றி, காலை வணக்கத்தைப் பற்றி, ராத்திரி முத்தத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். போனில் வருவது அப்பா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததையும் சொன்னாள். இல்லை, இது கீச்சு, அப்பா அங்கே இருக்கிறார் என்று குளிர்சாதனப் பெட்டியைக் காட்டுவாளாம். கீச்சு என்பது அப்பாவுக்கு மகள் வைத்த செல்லப் பெயர் என்று இத்தனை நாள் அவன் நினைத்திருந்தான்.

"அந்தப் படத்த ஒட்டச் சொன்னதே நான்தான்" என்றான் கடைசியில். "ஏதோ ஒரு அப்பா மூஞ்சி அவ கண்ணுல பட்டுட்டே இருக்கட்டும்னு."

இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் எங்கேயோ அவன் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் திட்டவும் இல்லை.

அப்போது பலூன்காரர் வந்தார். கொத்தாக வானத்தைப் பார்த்து இழுக்கும் பலூன்கள். அல்லி குழியை விட்டு எழுந்துவிட்டாள். மஞ்சள் வேண்டுமென்று அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பரிதி பலூனையே பார்த்தான். பிறகு எழுந்துபோய், உள்ளே என்ன காற்று என்று கேட்டான்.

"ஹீலியம் சார். பழைய வெடிக்கிற கேஸெல்லாம் இப்ப விடறதில்ல. கொயந்தைக்கு ஒண்ணியும் ஆவாது."

மஞ்சள் பலூன் அல்லி கைக்குப் போனது. நீலம் ஒன்றை வாங்கிக்கொண்டு அவன் மணலில் மண்டியிட்டான். முட்டி வலித்தது, அது யாருடைய வலியோ. முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்ததும் இளவேனிலுக்குப் புரிந்துவிட்டது. கூட்டின் உடம்புக்குள் விதி மீறி எதுவும் செலுத்தக் கூடாது, தெரிந்தால் அடுத்த கரைநாளே கிடையாது. வேண்டாங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவன் ஒரே ஒரு வாய் இழுத்தான்.

"அல்லிக்குட்டி! தட்டுல என்ன மீதி?"

அதே குரல். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் போனில் வந்து கேட்கிற அதே கேள்வி. கேட்டதும் அல்லி காலித் தட்டைத் தூக்கிப் போனுக்கு முன்னால் காட்டுவாள், போனுக்குக் கண் கிடையாது என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

அல்லி பலூனை விட்டுவிட்டாள். மஞ்சள் பலூன் தன்பாட்டுக்கு மேலே போனது. அவள் மீசைக்காரரின் வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மறுபடி வாயைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த காலிச் சுண்டல் பொட்டலத்தை எடுத்து மெதுவாக அந்த முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"காலியா! சமத்து!" என்றது கீச்சுக்குரல்.

"கீச்சு" என்றாள் அல்லி. "நீ இதுக்குள்ளயா இருக்க?"

ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து கிட்ட வராத பிள்ளை அந்தத் தொப்பையில் ஏறி உட்கார்ந்து மீசையை இழுத்துப் பார்த்தது. பரிதி சிரித்தான், சிரிக்கச் சிரிக்கக் குரல் இறங்கி ஆம்பளைக் குரலாகிவிட்டது. அல்லியின் முகம் மாறியது. கீச்சு எங்கே என்றாள். அவன் இன்னொரு வாய் இழுத்தான், கீச்சு வந்தது. அது தீர்ந்ததும் சிவப்புப் பலூன், அதன் பிறகு பச்சை. பலூன்காரர் இப்படியொரு வியாபாரத்தைப் பார்த்ததில்லை. தலை சுற்றும் என்று இளவேனில் தோளைத் தொட்டாள், போதுங்க என்றாள். அவனும் கேட்டுக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

அல்லி அவன் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள். "அப்பா இன்னிக்கு வரவே இல்ல கீச்சு. ஏமாத்திட்டாரு. பரவால்ல, நீ வந்துட்ட."

கடைசிப் பலூனில் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. பரிதி அதை இழுத்துக்கொண்டு, "அப்பா ஒரு நாள் வருவாருடா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுதது அவனா, இல்லை உடம்புக்காரரின் கண்ணே அப்படித்தானா என்று இளவேனில் யோசிக்கவில்லை. அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

எழும்பூர் வரை அல்லி அவன் மடியில்தான் வந்தாள். கம்பெனி நிலையத்தில் அவன் உள்ளே போகும்போது, "வரேன் இளா" என்றான். "பாத்துப் போடா" என்றாள் அவள். அந்த மீசை முகத்தைப் பார்த்து அன்றைக்கு முதல் தடவையாக அப்படி வந்தது. கூடு விழிப்பதற்குள் குடும்பம் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. வாசலில் ஒரு பெண் டிபன் கேரியரோடு காத்திருந்தாள். அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவளாகத்தான் இருக்கும் என்று இளவேனிலுக்குத் தோன்றியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பும்போதுதான் அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. குரல் திருத்தி. இன்று ராத்திரியிலிருந்து.

பிள்ளை தோளில் தூங்குகிறது. கீச்சு எப்ப போன் பண்ணும் என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கியது. கம்பெனி ஆட்கள் எல்லாவற்றையும் தாமதமாகத்தான் செய்வார்கள், இன்றைக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு மனம் சொன்னது. போட்டிருக்க வேண்டுமே, ஒரே ஒரு ராத்திரிக்காவது போட்டிருக்க வேண்டுமே என்று இன்னொரு மனம் கெஞ்சியது. பெற்றவள் இப்படியும் ஆசைப்படலாமா என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

சாப்பாட்டு வேளைக்குப் போன் வந்தது. அல்லி காலித் தட்டோடு தயாராக நின்றாள். இளவேனில் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"கன்ட்ரோல், கேக்குதா?"

அடிவயிற்றிலிருந்து வருகிற, அவசரமே இல்லாத குரல். சமையலறை முழுக்க அது நிறைந்தது. இளவேனில் மேடையைப் பிடித்துக்கொண்டாள். துறைமுகம், வயர்லெஸ், எண்ணூர் வீட்டு வாசல் எல்லாம் ஒன்றாக வந்து மோதின.

அல்லி தட்டைக் கீழே இறக்கினாள். தெரியாத குரல் வந்தால் அம்மா சொல்வதையே அவளும் சொன்னாள்.

"ராங் நம்பர்மா. கீச்சு இல்ல."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சுருட்டை முடிக்காரர் கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தார். அல்லியின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"கேக்குது, சொல்லு" என்றாள் இளவேனில்.

"ராங் நம்பராம்ல" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான். "திருத்திய நிறுத்திடட்டுமா இளா? நீ சொல்றதுதான். வேணும்னா இப்டியே விடறேன், கொஞ்ச நாள்ல அவளுக்கும் பழகிடும்."

பழகிவிடும்தான். பிள்ளைகளுக்கு எதுதான் பழகாது? கண்ணாடிக்காரர் அப்பாவானது மாதிரி இதுவும் ஒரு நாள் பழகும். ஆனால் கீச்சு இன்றைக்குச் செத்துப்போகும், அதை யார் இந்தப் பிள்ளைக்குச் சொல்வது? பெற்ற பிள்ளை தன் தகப்பன் என்று ஆளைத் தெரிந்துகொண்டது அந்த ஒரு குரலில்தான், பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறது.

"என் பேர ஒரு தடவை சொல்லு" என்றாள். "முழுசா."

"இளவேனில்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இந்தத் தடவையும் பதியவில்லை.

"நிறுத்திடு" என்றாள்.

போனில் ஏதோ சொடுக்கியது.

"அல்லிக்குட்டி! தட்டுல என்ன மீதி?"

அல்லியின் முகம் மலர்ந்துவிட்டது. தட்டைத் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தாள். "காலி! எங்க போன கீச்சு? இப்ப யாரோ ஒரு மாமா பேசினாரு."

"யாரு மாமா?"

"தெரில. அம்மாவுக்குத் தெரிஞ்சவரு போல. அம்மா அழறா."

சாப்பிட்டது ரசம் சாதமா தயிர் சாதமா என்று கீச்சு கேட்டது.